வெண்புள்ளியும் பூச்சு நிறமும்

மேனியை வெளுக்கச் செய்வதாகக் கூறும் களிம்பு நம் பங்காருபேட்டைக் கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும். 1975-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தார் ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்னும் பெயரில் விற்கத் தொடங்கிய களிம்பு, 45 ஆண்டுகள் அப்பெயரோடே வீடுதோறும் புகுந்து வந்தது. வெண்மையே அழகு என்னும் எண்ணம் பல நாடுகளிலும் கண்டனத்துக்குள்ளான பின்னர், 2020-இல்தான் வெண்மையைக் குறிக்கும் சொல்லைப் பெயரிலிருந்து நீக்கினர். சொல் நீங்கியது, களிம்பு நீங்கவில்லை.

மேலைநாட்டிலோ நிலைமை தலைகீழ். வெளிறிய மேனியர் வெயிலில் காய்ந்தவர்போல் தோன்ற வேண்டி, மாநிறம் தரும் நீர்மத்தை விலைகொடுத்து வாங்கிப் பூசிக்கொள்கின்றனர். ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்வரை அவர்களிடத்தும் வெயில்பட்ட மேனி உழவர்க்கும் கூலியாளர்க்கும் உரிய அடையாளமாகவே இருந்தது. தொழிலாளர் ஆலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் புகுந்து வெளிறிய பிறகு, கடற்கரையில் ஓய்ந்து கிடக்க வசதி படைத்தோரின் அடையாளமாக அது மாறிற்று. மனிதரின் ஆசை இவ்வாறு புரளுவது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், அந்த மாநிறப் பூச்சு நம்மிடையே சிலர்க்கு வேடிக்கைப் பொருளன்று. கையிலோ முகத்திலோ வெண்புள்ளி கண்டவர்கள் வெளுக்கவும் விரும்புவதில்லை, கறுக்கவும் விரும்புவதில்லை. தாம் பிறந்த நிறத்தையே திரும்பக் கேட்கின்றனர். அவர்களுக்கு அப்பூச்சு எவ்வளவு உதவும், எங்கே உதவாது என்பதை ஈண்டுக் கூற விழைகிறேன்.

முதலில் நோயின் பெயரைத் திருத்திக்கொள்வோம். நம் முன்னோர் பலர் இதனை வெண்குஷ்டம் என்றனர். குஷ்டம் என்ற சொல் ஒட்டிக்கொண்டதனாலேயே எத்தனையோ குடும்பங்களில் தனித் தட்டும் தனிப் பாயும் வந்தன. தொழுநோய்க்கும் இதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. தொழுநோய் கிருமியால் வருவது. அதன் தேமல் வெளிறியிருக்குமே அன்றிப் பால்போல் முற்றும் வெளுப்பதில்லை. பெரும்பாலும் அவ்விடத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். வெண்புள்ளியிலோ கிருமி இல்லை, உணர்ச்சி மாறுவதில்லை, பிறரைத் தொற்றுவதும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், தோலுக்கு நிறம் தரும் அணுக்களையே பகையெனக் கருதி அழித்துவிடுவதால் அங்கே நிறம் மறைகிறது. உலக மக்களில் நூற்றுக்கு அரைப்பங்கு முதல் இரண்டு பேர் வரை இதனை உடையவர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 20 வயதுக்கு முன்னரே தோன்றிவிடுகிறது. நம் அண்டை வீட்டாராகிய கன்னடர் இதனைத் ‘தொன்னு’ என்பர். தெலுங்கர் ‘பொல்லி’ என்பர். இரண்டிலும் குஷ்டம் இல்லை. சித்த மருத்துவரும் வெண்படை என்றே வழங்கினர். நாம்தாம் வீணாகப் பெருநோயின் பெயரைச் சுமந்தோம். நோயுற்றோர் ஒன்றுகூடி முயன்றதன் பயனாக, 2010-இல் தமிழக அரசு ‘வெண்புள்ளி’ என்றே வழங்குமாறு ஆணையிட்டது. எல்லைக்கு இப்பால் வாழும் நம் வீடுகளுக்கும் அவ்வாணை வந்து சேர்ந்ததாகக் கொள்வோமாக.

நம் நிலை சற்றுத் தனித்தன்மை வாய்ந்தது. ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் தங்கச் சுரங்கத்துக்கு வந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பெட்டியில் மேற்கம்பியைப் பற்றும் கையை ஊரே பார்க்கிறது. பெண்ணுக்கு வரன் தேடும்போதோ, குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் உள்ள உறவினர்க்குச் செய்தி போகிறது. பெண் வந்து சேருமுன் அவள் விரலிலுள்ள புள்ளியின் செய்தி அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவேதான், நிறப்பூச்சு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டவுடன் தாய்மார்கள் ஆவலோடு வினவுகின்றனர்.

அப்பூச்சு கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1950-களில் அமெரிக்க நாட்டின் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் ஈவா விட்கன்ஸ்டைன் என்னும் அம்மையார் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உடலில் சர்க்கரைச் சேமிப்பு கெட்டுப்போன குழந்தைகளுக்கு, டைஹைட்ராக்சி அசிட்டோன் என்னும் எளிய சர்க்கரைப் பொருளை வாய்வழியே கொடுத்துப் பார்த்தனர். குழந்தைகள் சில வேளை அதனைக் கக்கிவிடுவர். அத்துளி பட்ட தோல் சில மணி நேரத்தில் பழுப்பேறியது. துணியிலோ கறை படியவில்லை. வேறொருவராயின் துடைத்துவிட்டுப் போயிருப்பர். அம்மையார் அப்பொருளை நீரில் கரைத்துத் தம் கையிலேயே பூசிப் பார்த்தார், மீண்டும் பழுப்பேறியது. 1960-இல் ‘சயின்ஸ்’ ஏட்டில் இதுபற்றிய ஆய்வு வெளிவந்தது. அதே காலத்தில் வணிகர் அதனைக் குப்பிகளில் அடைத்து விற்கத் தொடங்கினர். இன்றும் இத்தகைய நிறப்பூச்சுகளில் பெரும்பாலானவற்றின் உயிர்ப்பொருள் அதுவே.

இது வேலை செய்யும் முறையை அறிய நம் அடுக்களையே போதும். தோசைக்கல்லில் மாவு சிவப்பது எதனால்? மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடிப் பழுப்பு நிறப் பொருளாக மாறுவதாலேயாம். அதே இனத்து மாற்றம், கல்லும் நெருப்பும் இல்லாமலே, தோலின் மிக மேலான உயிரற்ற படலத்தில் நிகழ்கிறது. நிறமி அணுக்கள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. வெயிலால் சிவக்கவே முடியும், கறுக்க முடியாது என்னும் வெண்புள்ளியும் இதனால் நிறம் பெறுவது இக்காரணத்தால்தான். மருதாணியும் இப்படி மேற்படலத்தில் பற்றிக்கொண்டு, அப்படலம் உதிர உதிர மங்குவதை நாம் அறிவோம். இப்பூச்சும் ஏறத்தாழ ஒரு வாரம் நிற்கும். அடிக்கடி தேய்த்துக் கழுவும் கையில் அதற்கும் முன்னரே மங்கும்.

முதன்முறை பூசுவோர் அவசரப்படலாகாது. முழங்கையின் உட்புறத்தில் ஒரு காசளவு தடவி ஒரு நாள் காத்திருந்து, அரிப்போ தடிப்போ இல்லையென உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்னர்ப் புள்ளியுள்ள இடத்தைக் கழுவி, ஈரத்துணியால் மெல்லத் தேய்த்து, நன்கு உலர்த்த வேண்டும். ஈரமோ எண்ணெயோ இருந்தால் நிறம் திட்டுத்திட்டாகப் படியும். விரலால் அள்ளிப் பூசுவது கூடாது. பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்து, வெண்ணிற எல்லையைத் தாண்டாமல் உள்ளே மட்டும் தடவுதல் வேண்டும். எல்லை தாண்டினால் சுற்றியுள்ள தோல் மேலும் கறுத்து, புள்ளிக்குக் கரைகட்டியதுபோல் ஆகிவிடும். கணு, முழங்கால் போன்ற தடித்த தோலுள்ள இடங்கள் மிகுதியாக நிறத்தை உறிஞ்சும். அங்கே தொட்டும் தொடாமலும் பூசவேண்டும். முடித்தவுடன் கையைச் சோப்பிட்டுக் கழுவாவிடில், மறுநாள் உள்ளங்கை பழுப்பேறி ஊரார்க்குச் செய்தி சொல்லிவிடும்!

பூசியவுடன் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மணி கழிந்தே நிறம் எழத் தொடங்கும். ஒரு நாள் வரை ஆழ்ந்துகொண்டே செல்லும். ‘ஏறவில்லையே’ என்று பத்து நிமிடத்துக்கொரு முறை பூசுவதே முதன்முறை செய்வோரின் பிழை. மேலைநாட்டார்க்கெனச் செய்த மெல்லிய பூச்சு நம் மாநிறத்துக்கு எட்டாமல் ஆரஞ்சுச் சாயலோடு நின்றுவிடலாம். மறுநாள் இன்னொரு முறையும் தேவையானால் மூன்றாம் நாளும் பூசி, அருகிலுள்ள தோலோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்வதே முறை. கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் இது ஆகாது. மேனி நிறத்துக்கென மாத்திரை விற்பாரும் உளர். அவற்றுட் சிலவற்றிலுள்ள சாயம் கண்ணின் உட்படலத்தில் படிவது கண்டறியப்பட்டுள்ளதாதலின், அப்பக்கம் திரும்பவே வேண்டாம்.

நிறம் வந்துவிட்டது என்று வெயிலில் நிற்பது பெருந்தவறு. பூச்சு நிறம் வெயிலைத் தடுக்கும் இயற்கை நிறமியன்று. புள்ளி பழுப்பாகத் தோன்றினும் வெயிலில் கன்றிச் சிவப்பதே அதன் இயல்பு. வெயில்தடுப்புக் களிம்போ முழுக்கைச் சட்டையோ கட்டாயம் தேவை. ஒளிச்சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பூசலாகாது. நிறம் ஒளியின் ஒரு பகுதியை மறித்துவிடும்.

இப்பூச்சு மருந்தன்று. மருந்துகள் வேறு உள. கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் காட்டும் வழக்கம் இந்நாட்டில் மிகப் பழையது. அவ்விதையிலுள்ள சோராலென் என்னும் பொருளை இக்கால மருத்துவமும் ஏற்று, அளவிட்ட ஒளியோடு பயன்படுத்திற்று. அளவறியாமல் வீட்டில் செய்தோர் கொப்புளம் கண்டதும் உண்டு. குறுகிய அலைவரிசை ஒளிச்சிகிச்சை, களிம்புகள், நோய் பரவாமல் நின்றபின் நிறமி அணுக்களைப் பெயர்த்து நடுதல் ஆகியன இன்று கைவந்தவை. 2022-இல் ருக்சோலிட்டினிப் என்னும் களிம்புக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. முகத்துப் புள்ளிகள் பெரும்பாலும் இவற்றுக்கு இணங்கும்; விரல் நுனியும் பாதமும் எளிதில் இணங்கா. பூச்சு நிறம் மிகுதியும் தேவைப்படுவது அங்கேதான்.

இன்னொரு செய்தியையும் பெண்மக்கள் அறிதல் நலம். நெற்றியில் மட்டும் வட்டமாக வெண்மை கண்டால் முதலில் ஒட்டுப்பொட்டை விட்டுவிடுக. சிலவற்றின் பசையிலுள்ள வேதிப்பொருள் நிறமி அணுக்களைக் கொல்லும். இரப்பர்ச் செருப்பின் வார் பதியும் இடத்திலும் தலைச்சாயம் படும் இடத்திலும் இவ்வாறே நேர்வதுண்டு.

இனி, கேட்கத் தயங்கும் வினாவுக்கு வருவோம். பெண் பார்க்க வரும் நாளில் இதனைப் பூசி மறைக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. வேலைக்குச் செல்லும் பெண், வழிப்போக்கரின் வெறித்த பார்வையிலிருந்து தப்பப் பூசிக்கொள்வது அவள் உரிமை. அதற்கு எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கைத் துணையாக வருபவனிடம் மறைப்பது அத்தன்மையதன்று. திருமணத்துக்கு முதல்நாள் பூசிய நிறம் மறுவீட்டு விருந்துகள் முடியுமுன் உதிரத் தொடங்கும். அதன்பின் அவள் புகுந்த வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு வாரந்தோறும் பஞ்சுக்குச்சி பிடிக்க வேண்டும், ஒருநாள் பிடிபடுவாள், அப்போது புள்ளியைவிட ஏமாற்றே பெரிதாகப் பேசப்படும். தரகர் வாய்க்கு விடாமல், பெற்றோரே முதற் கடிதத்தில் எழுதிவிடுவது மேல். தொற்றாது என்பதையும், பெற்றவர்க்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே எழுதலாம். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் மணவிலக்குக்குக் காரணமாக இருந்தது தொழுநோயே. அதனையும் 2019-இல் நீக்கிவிட்டனர். வெண்புள்ளி அப்பட்டியலில் என்றும் இருந்ததில்லை. மாப்பிள்ளைக்குப் புள்ளியிருந்தால் ‘ஆண்பிள்ளைக்கு என்ன’ என்று கடந்துபோகும் நாம், பெண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டுப் பார்ப்பது எந்த நியாயத்தில் சேரும்?

புள்ளி முதன்முதலில் தோன்றும்போதே தோல் மருத்துவரைக் காண்பதற்கு நமக்கு வழி அண்மையிலேயே உள்ளது. கோலாரை அடுத்த டமகாவில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெங்களூர் சிவாஜிநகரில் அரசினர் பௌரிங் மருத்துவமனை இருக்கிறது. பௌரிங்பேட்டை என்று நம் ஊருக்கு முன்பு வழங்கிய பெயரும் அதே மைசூர்க் கமிஷனரின் பெயரே. காலை இரயிலில் சென்றால் கண்டோன்மென்டில் இறங்கி, வெளிநோயாளர் சீட்டு எழுதும் நேரத்துக்கு முன் போய்ச் சேரலாம். போகும்போது வீட்டிலுள்ள பூச்சுக் குப்பியையும், முன்பு தடவிய களிம்புகளின் உறைகளையும் எடுத்துச் செல்க. அன்றைக்கு மட்டும் புள்ளியின்மேல் எதுவும் பூசாமல் இருக்கவேண்டும். மருத்துவர் காணவேண்டியது அதன் உண்மை நிறத்தை.