குதிரையேறிய சிறுமிகள்

குதிரை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது எது? போர்க்களம், வாளேந்திய வீரன், மன்னனின் பவனி. சரித்திரப் புத்தகங்களும் சித்திரங்களும் குதிரையின் முதுகில் ஆணையே ஏற்றிவைத்து நம்மைப் பழக்கிவிட்டன. ஆனால் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், முக்கியமாகப் பிரித்தானியாவில், குதிரையின் கடிவாளத்தை ஆர்வத்தோடு கையில் பிடித்தவர்கள் பெரும்பாலும் சிறுமிகளே. அன்று பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டிமார். அலுமாரியின் அடித்தட்டில் நிறம் மங்கிய ரிபன் பூக்கள் சிலவற்றை இன்னும் பத்திரமாக வைத்திருப்போர் அவர்களுள் பலர்.

அந்த ரிபன்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பெண் என்பதற்காக அடைக்கப்பட்டிருந்த சில கதவுகள் எவ்வாறு ஒவ்வொன்றாகத் திறந்தன என்பதே அந்தக் கதை.

விடியுமுன் தொடங்கும் வேலை

அதற்கு முந்திய தலைமுறைப் பெண்கள் குதிரையேறவில்லையா? ஏறினார்கள். ஆனால் இரண்டு கால்களையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டு, அதற்கென்றே செய்த பக்கச் சேணத்தில், நீண்ட பாவாடையோடு அமர்ந்தார்கள். முதலாம் உலக யுத்தத்தின் பின்னரே பெண்கள் ஆண்களைப் போல இருபுறமும் கால் போட்டு அமர்வது வழக்கத்துக்கு வந்தது. அதன் பின் சிறுமிகளுக்குப் பாய்ச்சலும் தடை தாண்டலும் இலகுவாயின.

1929ஆம் ஆண்டு பிரித்தானியாவில் 'போனி கிளப்' என்ற சிறுவர் அமைப்பு உருவானது. போனி என்பது மட்டக்குதிரை. குதிரையின் உயரத்தைக் 'கை' என்ற அளவால் கணக்கிடுவார்கள். ஒரு கை 4 அங்குலம். தரையிலிருந்து தோள் உச்சி வரை சுமார் 58 அங்குலத்துக்கு மேற்படாதது மட்டக்குதிரை. இந்தக் கிளப்பில் சேர்ந்த பிள்ளைக்குச் சவாரி மட்டும் சொல்லித் தரப்படவில்லை. குதிரைக்கு என்ன தீனி, எவ்வளவு, எந்த நேரம். குளம்பில் கல் சிக்கினால் எப்படி எடுப்பது. வியர்த்து வந்த குதிரையை எப்படி ஆற்றுவது. எல்லாவற்றையும் படித்துப் பரீட்சையும் எழுத வேண்டும்.

எனவே சவாரி அரை மணி நேரம் என்றால் வேலை மூன்று மணி நேரம். விடியுமுன் எழுந்து, லாயத்தில் இலத்தியை அள்ளிக் கொட்டி, புது வைக்கோல் பரப்பி, தண்ணீர் வாளி சுமந்து, தூரிகையால் உடம்பெல்லாம் தேய்த்துவிட்டு, பிறகுதான் பாடசாலைக்குப் புறப்பட வேண்டும். பனி உறைந்த காலையில் வாளித் தண்ணீரின் மேல் படிந்த ஐஸைக் கையால் உடைக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தை நினைவுகூரும் மூதாட்டியர் பரிசு வாங்கிய நாளை விட இந்த அதிகாலை வேலைகளைத்தான் அதிக பிரியத்தோடு சொல்வார்கள். தன்னை நம்பி ஓர் உயிர் பசியோடு காத்திருக்கிறது என்ற எண்ணம் ஒரு சிறுமியைப் பெரியவளாக்கிவிடுகிறது அல்லவா?

காட்சி நாள்

கோடை வந்தால் ஊருக்கு ஊர் குதிரைக் காட்சிகள் நடக்கும். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குதிரையின் உடலமைப்பு, நடை, அடக்கம், அலங்காரம் என்பவற்றை நடுவர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. மற்றது விளையாட்டுப் போட்டிகள். கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடுதல், கரண்டியில் முட்டை ஏந்திச் சவாரி செய்தல், சாக்கு ஓட்டம் என்று சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். இந்த விளையாட்டுகளுக்கு 'ஜிம்கானா' என்று பெயர். இச்சொல் இந்தியாவிலிருந்து அங்கு போனது. சவாரிக்காரர் அணியும் 'ஜோத்பூர்' என்ற காற்சட்டையும் அவ்வாறே ராஜஸ்தானின் ஜோத்பூர் நகரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காட்சிக்கு முந்திய நாள் இரவு தூக்கம் வராது. குதிரையைக் குளிப்பாட்டி, பிடரி மயிரைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னி, நூலால் தைத்து உருட்டி வைக்க வேண்டும். சேணத்துக்கும் வாருக்கும் தோல் சவர்க்காரம் போட்டு மினுக்க வேண்டும். குளம்புக்கு எண்ணெய் பூச வேண்டும். இவ்வளவும் செய்து முடித்துக் காலையில் போய்ப் பார்த்தால், வெள்ளைக் குதிரை இரவு முழுக்கத் தன் இலத்தியிலேயே படுத்துப் புரண்டு பச்சையும் மஞ்சளுமாக நிற்கும்! அழுதுகொண்டே மீண்டும் கழுவ வேண்டியதுதான்.

இரண்டாம் உலக யுத்தமும் அதன் பின்னரான தட்டுப்பாடும் அந்தத் தலைமுறையின் ஞாபகங்களில் ஆழப் பதிந்தவை. பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு 1950 வரையும், உடுதுணிப் பங்கீடு 1949 வரையும் நீடித்தன. குதிரையை லொறியில் ஏற்றிச் செல்லும் வசதி எல்லோருக்கும் ஏது? மைல் கணக்கில் சவாரி செய்தே காட்சித் திடலுக்குப் போவார்கள். அங்கே நாள் முழுவதும் போட்டியிட்டு, மாலையில் அதே தூரம் திரும்புவார்கள். அண்ணனின் பழைய மேலங்கியும் யாரோ கொடுத்த சப்பாத்துமே உடுப்பு. முதலாம் பரிசுக்குச் சிவப்பு ரிபன், இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள். அமெரிக்காவில் இது மாறி, நீலமே முதலிடத்துக்கு உரியது.

பாலைவனத்திலிருந்து வந்த அழகு

அந்தக் காட்சிகளில் பரிசு பெற்ற மட்டக்குதிரைகளின் சிறிய முகமும், பெரிய கண்களும், மிதக்கும் நடையும் எங்கிருந்து வந்தன? பிரித்தானிய மலைநாட்டுக் குதிரைகளோடு அரபுக் குதிரைகளைக் கலந்து வளர்த்ததன் பலன் அதில் கணிசமானது. இதற்கு வழிகோலியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் லேடி ஆன் பிளண்ட்.

ஆங்கிலக் கவிஞர் பைரனின் பேத்தியான இவர் அரபு மொழி கற்றவர். 1878இல் யூப்ரடீஸ் நதிக்கரையோரமாகவும், அடுத்த ஆண்டு நஜ்துப் பிரதேசத்தின் ஹாயில் நகரம் வரையிலும் கணவரோடு பயணம் செய்தார். பதவிகளிடம் குதிரை வளர்ப்பைக் கேட்டறிந்து, நல்ல வம்சாவளிக் குதிரைகளை வாங்கி இங்கிலாந்திலே 'கிராபெட்' என்னுமிடத்தில் பண்ணை அமைத்தார். 1917இல் கெய்ரோவில் காலமானார். அவருக்குப் பின் அப்பண்ணையை 1957 வரை நடத்தியவரும் அவருடைய மகளே. ஆங்கிலச் சிறுமிகள் தடவிக் கொடுத்து மகிழ்ந்த குதிரைகள் பலவற்றின் மூதாதையர் அரபுக் கூடாரங்களின் வாசலில், அங்குள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் அன்பில் வளர்ந்தவை என்பது நமக்கு இனிக்கும் செய்தி.

மூடியிருந்த கதவு

ஊர்க் காட்சிகளில் சிறுவனும் சிறுமியும் சமமாகப் போட்டியிட்டார்கள். வயது ஏறியதும் நிலைமை வேறாயிற்று. ஒலிம்பிக் குதிரையேற்றம் நெடுங்காலமாகப் பெரும்பாலும் இராணுவ அதிகாரிகளின் களமாகவே இருந்தது. 1948இல் தங்கம் வென்ற சுவீடன் அணியிடமிருந்து மறு ஆண்டு அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அணியில் ஒருவர் அதிகாரி தரத்தில் இல்லாத சாதாரண சார்ஜன்ட் என்பதே காரணம்! சார்ஜன்டுக்கே இடமில்லாத களத்தில் பெண்ணுக்கு எங்கே இடம்?

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் கதவு சற்றே திறந்தது. குதிரையின் நடைப் பயிற்சியைச் சோதிக்கும் 'ட்ரெஸ்ஸாஜ்' போட்டியில் மட்டும் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. பங்குபற்றிய பெண்கள் நால்வர். அவர்களில் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல்.

1944இல், தமது 23ஆம் வயதில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது லிஸ் ஹார்ட்டெலைப் போலியோ தாக்கியது. உடம்பின் பெரும்பகுதி செயலிழந்தது. குழந்தை சுகமாகப் பிறந்தது. ஆனால் தாய் மெல்ல மெல்லக் கையை அசைக்கவும், தவழவும், ஊன்றுகோலில் நிற்கவும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே செயல்பாடு திரும்பவே இல்லை. இனிக் குதிரையேற முடியாது என்ற நிலையில், அவர் மீண்டும் சேணத்தில் அமர்ந்தார். ஏறவும் இறங்கவும் பிறர் தூக்கிவிட வேண்டும். காலால் கொடுக்க வேண்டிய சைகைகளை உடலின் பாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். 'ஜூபிலி' என்ற அவருடைய பெண்குதிரை அதைப் புரிந்துகொண்டது.

ஹெல்சிங்கியில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார் லிஸ் ஹார்ட்டெல். தங்கம் வென்ற சுவீடன் வீரர் அவரைக் கைத்தாங்கலாகப் பரிசு மேடைக்கு ஏற்றிய காட்சி பார்த்தோர் கண்களை நனைத்தது. 1956இலும் அவருக்கே வெள்ளி கிடைத்தது. அவருடைய உதாரணத்தைக் கண்டு, உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்குச் சவாரியைச் சிகிச்சையாகக் கற்பிக்கும் நிலையங்கள் பல நாடுகளில் தோன்றின. 2009இல் அவர் காலமானார்.

பால்வண்டிக் குதிரையின் குட்டி

தடை தாண்டும் போட்டிக்கு 1952இல் பெண்களுக்கு அனுமதி இல்லை. அப்போதே பிரித்தானியாவின் சிறந்த சவாரிக்காரர்களில் ஒருவராகப் பெயர் பெற்றிருந்த பெற் ஸ்மைத் என்ற யுவதி வெளியே நிற்க வேண்டியதாயிற்று. இவர் பணக்காரக் குடும்பத்துப் பெண் அல்லர். தாயார் வீட்டில் விருந்தினரைக் கட்டணத்துக்குத் தங்கவைத்தே குடும்பத்தை நடத்தினார். பெற் ஸ்மைத்தின் பெயரை முதன்முதலில் எடுத்துச் சென்ற 'பைனலிட்டி' என்ற குதிரையின் தாய், பால்வண்டி இழுத்த குதிரை!

1956இல் தடை தாண்டலிலும் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு ஒலிம்பிக் மெல்பர்னில் நடந்தாலும், அவுஸ்திரேலியாவின் கால்நடைத் தொற்றுத் தடுப்புச் சட்டம் காரணமாகக் குதிரைப் போட்டிகள் சுவீடனின் ஸ்டொக்ஹோமில் நடந்தன. அங்கே 'பிளனகன்' என்ற குதிரையில் ஏறிய பெற் ஸ்மைத், தமது அணியோடு வெண்கலம் வென்றார். அவர் எழுதிய சிறுவர் கதைகளைப் படித்துவிட்டுக் குதிரைக் கனவு கண்ட பிள்ளைகள் ஏராளம்.

அவருக்குப் பின் வந்தவர் மேரியன் கோக்ஸ். இவருக்குத் தந்தை வாங்கிக் கொடுத்தது 'ஸ்ட்ரோலர்' என்ற மட்டக்குதிரை. சிறுவர் போட்டிக்குரிய வயது கடந்ததும் அதனை விற்றுவிடுவதே வழக்கம். மகளோ விட மறுத்தாள். பெரிய குதிரைகளுடன் அதையே ஓட்டினாள். 1967இல் ஹிக்ஸ்டெட் டேர்பிப் போட்டியில் வெற்றி. 1968இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தன் தோளை விட உயரமான தடைகளை அந்தச் சிறு குதிரை தாண்ட, மேரியனுக்கு வெள்ளிப் பதக்கம். தடை தாண்டலில் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் பெண் அவரே.

எஞ்சிய கதவுகளும் திறந்தன. மிகக் கடுமையான மூவகைப் போட்டியில் 1964இல் டோக்கியோவில் அமெரிக்காவின் லானா டு பொன்ட் முதல் பெண்ணாகக் களமிறங்கினார். இருமுறை குதிரையோடு விழுந்தும் எழுந்து முடித்து, வெள்ளி வென்ற அணியில் ஒருவரானார். அதே போட்டியில் ஒரு பெண் தனிநபர் தங்கம் வெல்ல 2021 வரை செல்ல வேண்டியிருந்தது. வென்றவர் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி. இன்று ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே விதியின் கீழ்ப் போட்டியிடுகிறார்கள்.

நமக்கு என்ன பாடம்?

சகோதரிகளே! நம் வீடுகளில் குதிரை லாயம் இல்லை. எல்லோருக்கும் அது கைகூடவும் மாட்டாது. ஆனாலும் அந்த மூதாட்டியரின் ஞாபகங்களில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. ஒரு பெண்பிள்ளையின் கையில் ஓர் உயிரை ஒப்படைத்து, "இது உன் பொறுப்பு" என்று சொன்ன பெற்றோர் அவளிடம் ஒரு நம்பிக்கையை விதைத்தார்கள். விழுந்தால் ஓடிவந்து தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், "அடிபட்டதா? இல்லையென்றால் மறுபடி ஏறு" என்றார்கள். விழுந்தவுடன் மீண்டும் ஏறிவிட வேண்டும் என்பது குதிரைக்காரரிடையே பழைய வழக்கம். தாமதித்தால் பயம் உள்ளே குடியேறிவிடும் என்பது அவர்களுடைய அனுபவம்.

முற்றத்தில் நாலு கோழியாகட்டும், ஒரு ஆட்டுக்குட்டியாகட்டும், சின்னத் தோட்டமாகட்டும், நம் மகளுக்கும் அப்படியொன்றை ஒப்படைக்கலாம். தவறினால் ஏசாமல் மறுபடி செய்யச் சொல்லலாம். பிள்ளை வெல்லும் ரிபனின் நிறம் சில வருடங்களில் மங்கிவிடும். பொறுப்பேற்றுப் பழகிய கையின் உறுதி ஆயுளுக்கும் நிற்கும்.