ஒரு கோப்பு காணாமல் போனால் கணினி ஏன் இயங்க மறுக்கிறது? தரவை இழக்காமல் மீட்பது எப்படி?

திருவனந்தபுரம்:

கேரளத்தில் துலாவர்ஷம் என்று அழைக்கப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் வேளைகளில் இடி, மின்னலுடன் மழை பெய்வது வழக்கம். மின்சாரம் திடீரெனத் துண்டிக்கப்பட்டு, சில நிமிடங்களில் மீண்டும் வரும். அதன்பின் கணினியை இயக்கினால், வழக்கமான முகப்புத் திரைக்குப் பதிலாகக் கறுப்புத் திரையில் ஓரிரு ஆங்கில வரிகள் மட்டும் தோன்றுவதுண்டு. இயங்குதளத்துக்குத் தேவையான கோப்பு ஒன்று காணவில்லை அல்லது சிதைந்துவிட்டது என்பதே அந்த வரிகளின் பொருள்.

வீட்டுக் கணினி என்றால் அது ஒரு நாள் எரிச்சலோடு முடிந்துவிடலாம். ஓய்வூதியம், சான்றிதழ், கட்டணம் என அன்றாடச் சேவைகளுக்காக மக்கள் வரிசையில் காத்திருக்கும் அட்சய மையத்திலோ, மாணவர்களின் மதிப்பெண்கள் பதிவாகியுள்ள பள்ளி அலுவலகத்திலோ இது நிகழ்ந்தால் பாதிப்பு பலரையும் சென்றடைகிறது. அவசரத்தில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிட்டு, பல ஆண்டுத் தரவை இழந்தவர்கள் பலர். பெரும்பாலான நேரங்களில் அந்த இழப்பு தவிர்க்கக் கூடியதே.

கணினி விழித்தெழும் வரிசை

மின்விசையை அழுத்தியதும் கணினியில் முதலில் இயங்குவது விண்டோஸ் அல்ல. தாய்ப்பலகையில் பதிக்கப்பட்டுள்ள பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்ற சிறு நிரல்தான் முதலில் இயங்குகிறது. நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு ஆகியவை சரியாக உள்ளனவா என்று அது சோதிக்கிறது. பின்னர் இயங்குதளம் எந்த வட்டில் உள்ளது என்று தேடுகிறது.

வட்டைக் கண்டறிந்ததும் ‘பூட் மேனேஜர்’ எனப்படும் தொடக்க மேலாளரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. அது ‘பிசிடி’ என்ற சிறு தரவுக் கோப்பைப் படித்து, விண்டோஸ் எந்தப் பகுதியில் நிறுவப்பட்டுள்ளது என்பதை அறிந்துகொள்கிறது. அதன்பின் ஏற்றி நிரல், இயங்குதளத்தின் கருநிரலையும், வன்பொருளுடன் பேச உதவும் இயக்கிகளையும், ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் அமைப்புப் பதிவேட்டையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. இவை அனைத்தும் முடிந்த பிறகே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வருகிறது.

இது ஓர் அஞ்சலோட்டப் பந்தயத்தைப் போன்றது. இடையில் ஒருவர் இல்லை என்றாலும் கோல் அடுத்தவர் கைக்குச் செல்லாது. பல்லாயிரம் கோப்புகள் நலமாக இருந்தும் ஒரே ஒரு கோப்பின் குறையால் கணினி நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். பயனரின் ஆவணங்களும் புகைப்படங்களும் இந்த வரிசையில் எங்கும் இடம்பெறுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கணினி தொடங்கவில்லை என்பதற்காக ஆவணங்கள் அழிந்துவிட்டன என்று பொருளல்ல.

செய்தியைப் படித்தாலே பாதி வேலை முடியும்

திரையில் தோன்றும் வரியை அலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வரிசையில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டது என்பதை அந்த வரி காட்டிவிடும்.

‘பூட் எம்ஜிஆர்’ காணவில்லை என்று வந்தால், தொடக்க மேலாளரையே கணினி கண்டறியவில்லை என்று கொள்ளலாம். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் இதே குறை ‘என்டி எல்டிஆர்’ காணவில்லை என்ற செய்தியாக வரும். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே நிறுத்திவிட்டது. பிசிடி குறித்த பிழை நீலத் திரையில் வந்தால், மேலாளர் இருக்கிறது, அதன் வழிகாட்டிக் கோப்பில்தான் குறை என்று அறியலாம். ‘எச்ஏஎல்’ போன்ற கோப்பின் பெயரோ, ‘டிரைவர்ஸ்’ கோப்புறையில் உள்ள இயக்கியின் பெயரோ வந்தால், தடை அதற்கும் அடுத்த கட்டத்தில் ஏற்பட்டுள்ளது.

ஆனால் ‘காணவில்லை’ என்று கணினி சொல்வது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. தேட வேண்டிய இடத்தில் தேடாததாலும் அந்தச் செய்தி வரும். ஆகவே எந்தப் பழுதுநீக்கத்துக்கும் முன்னர் சில எளிய சோதனைகள் அவசியம்.

கணினியில் பொருத்தியுள்ள பென் டிரைவ், நினைவக அட்டை, வெளிப்புற வன்தட்டு அனைத்தையும் அகற்றிவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். இயங்குதளம் இல்லாத பென் டிரைவில் கணினி தேடிக்கொண்டிருந்திருந்தால், இந்த ஒரு செயலிலேயே சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்து, கணினியின் தேதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். அது தீரும்போது வட்டுகளைத் தேடும் வரிசையும் தொடக்க முறையும் மாறிவிடுவதுண்டு. மின்கலத்தை மாற்றி, அமைப்பைச் சரிசெய்தால் போதும்.

பயாஸ் திரையில் வன்தட்டின் பெயரே தென்படவில்லை என்றால், குறை கோப்பில் இல்லை. இணைப்புக் கம்பியிலோ வன்தட்டிலோ உள்ளது. வன்தட்டிலிருந்து ‘டிக்... டிக்...’ என்ற ஓசை எழுந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு வல்லுநரை நாட வேண்டும். அந்த நிலையில் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது எஞ்சியிருக்கும் தரவையும் அழித்துவிடும்.

முதலில் தரவு, பிறகே பழுதுநீக்கம்

காப்பு நகல் இல்லாத கணினி என்றால், சரிசெய்யத் தொடங்கும் முன் ஆவணங்களை வெளியே எடுத்துவிடுவதே பாதுகாப்பான வழி. வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் பதிவு செய்து, அதிலிருந்து பழுதான கணினியை இயக்கலாம். வன்தட்டில் எதையும் நிறுவாமலேயே இது இயங்கும். அதன் வழியாக ஆவணங்களைத் திறந்து, வெளிப்புற வட்டுக்கு நகலெடுக்க முடியும்.

இதில் ஒரு தடை வரக்கூடும். ‘பிட்லாக்கர்’ முறையில் வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் எதையும் படிக்க இயலாது. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில், பயனர் அறியாமலேயே இந்தக் குறியாக்கம் செயல்பாட்டில் இருக்கலாம். மீட்பு எண் வழக்கமாகப் பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை இன்றே தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவது நல்லது.

விண்டோஸ் கணினியைச் சரிசெய்யும் படிகள்

விண்டோஸ் 10, 11 ஆகிய பதிப்புகள் தொடங்கும்போது தொடர்ந்து தோல்வியுற்றால், தாமாகவே மீட்புச் சூழலைத் திறக்கும். அது திறக்கவில்லை என்றால், வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கருவியைப் பதிவிறக்கி, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் பதிவு செய்து அதிலிருந்து இயக்கலாம். அப்போது ‘நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல், ‘கணினியைப் பழுதுநீக்கு’ என்ற தேர்வுக்குச் செல்ல வேண்டும்.

முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ என்ற தானியங்கி வசதியைப் பயன்படுத்த வேண்டும். தொடக்கக் கோப்புகளின் குறை பெரும்பாலும் இதிலேயே நீங்கிவிடும். அண்மையில் புதுப்பித்தல் ஏதும் நிறுவப்பட்ட பின் சிக்கல் தொடங்கியிருந்தால், அதை நீக்கும் தேர்வும் அங்கேயே உள்ளது. ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ மூலம் முந்தைய நாள் நிலைக்குத் திரும்பவும் முடியும். இதனால் சொந்த ஆவணங்கள் பாதிக்கப்படாது.

இவை பலனளிக்காதபோது கட்டளைச் சாளரத்தை நாடலாம். ‘பிசிடி பூட்’ என்ற கட்டளை தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும். பழைய கணினிகளில் இதற்கு ‘பூட்ரெக்’ பயன்படுகிறது. ‘செக் டிஸ்க்’ வட்டின் கோப்பமைப்பைச் சரிசெய்யும். ‘எஸ்எஃப்சி’ என்ற கட்டளை ஒவ்வோர் அமைப்புக் கோப்பையும் ஒப்பிட்டு, சிதைந்ததற்குப் பதிலாக நல்ல நகலை வைக்கும். மீட்புச் சூழலில் வட்டுகளின் எழுத்துகள் மாறியிருக்கக் கூடும். வழக்கமான ‘சி’ வட்டு அங்கு ‘டி’ என்று தென்படலாம். விண்டோஸ் எதில் உள்ளது என்று பார்த்து உறுதிசெய்த பிறகே கட்டளைகளை இட வேண்டும்.

காணாமல் போன கோப்பைப் பெயர் சொல்லித் தேடி, அறிமுகமில்லாத இணையதளங்களில் பதிவிறக்கிப் போடுவது ஆபத்தானது. அது வேறு பதிப்புக்கு உரியதாக இருக்கலாம்; தீநிரலாகவும் இருக்கலாம். அதேபோல், இணையத்தில் உலவும்போது ‘உங்கள் கணினியில் கோப்பு காணவில்லை, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் வந்தால் அது மோசடி. இயங்கிக்கொண்டிருக்கும் உலாவியில் தொடக்கப் பிழை தோன்றாது. உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண்ணும் இருக்காது. பணம் இழந்தவர்கள் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.

பள்ளிகளில் வேறு இயங்குதளம்

கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்கள் சந்திக்கும் பிழைத் திரை சற்று வேறானது. திருவனந்தபுரம் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கைட்’ நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கென வடிவமைத்து வழங்கி வருகிறது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்டு ஸ்டால்மேன் பங்கேற்க, அந்த இயக்கத்தின் இந்திய அமைப்பு 2001 ஜூலையில் தொடங்கப்பட்டதும் இதே நகரில்தான்.

இக்கணினிகளில் ‘கிரப்’ என்பதே தொடக்க மேலாளர். அதன் கோப்புகள் கிடைக்காதபோது ‘கிரப் ரெஸ்கியூ’ என்ற வரி மட்டும் தோன்றும். விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக உள்ள கணினியில் லினக்ஸ் பகுதியை அழித்தவர்களுக்கு இது நேர்வதுண்டு. அதே இயங்குதளத்தின் பென் டிரைவிலிருந்து இயக்கி, கிரப்பை மீண்டும் நிறுவினால் குறை நீங்கும். மின்தடைக்குப் பின் ‘இனிட் ராம் எஃப்எஸ்’ என்ற வரி வந்தால், கோப்பமைப்பில் பிழை உள்ளது எனலாம். வட்டுப் பகுதியின் பெயரைச் சேர்த்து ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை இட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உலகை நிறுத்திய ஒரு கோப்பு

ஒரு கோப்பின் வலிமையை உலகம் உணர்ந்த நாள் 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்க இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக், இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு புதுப்பித்தல் கோப்பை வெளியிட்டது. 291 என்ற எண் கொண்ட அந்தக் கோப்பில் 21 உள்ளீடுகள் எதிர்பார்க்கப்பட்டன; அதைக் கையாளும் நிரலோ 20 மட்டுமே வழங்கியது. இல்லாத ஒன்றைப் படிக்க முயன்ற இயக்கி நிலைகுலைந்தது. அது கணினி தொடங்கும்போதே ஏற்றப்படும் இயக்கி என்பதால், கணினிகள் நீலத் திரையிலேயே சிக்கி மீண்டும் மீண்டும் தொடங்கின.

சுமார் 85 லட்சம் விண்டோஸ் சாதனங்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. பிழையான கோப்பை நிறுவனம் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றது. ஆயினும், தொடங்கவே முடியாத கணினிக்குப் புதிய கோப்பு எப்படிப் போய்ச் சேரும்? பல இடங்களில் பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று, பாதுகாப்பு நிலையில் இயக்கி, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. குறியாக்கம் செய்யப்பட்ட கணினிகளில் 48 இலக்க எண்ணைத் தேடுவதும் பணியைத் தாமதப்படுத்தியது.

இங்கு கோப்பு காணாமல் போகவில்லை. இருக்கக் கூடாத வடிவில் இருந்தது. இருப்பினும் விளைவும் தீர்வும் ஒன்றே: மீட்புச் சூழலுக்குள் நுழையத் தெரிந்திருப்பது, மீட்பு எண்ணைக் கையில் வைத்திருப்பது.

மீண்டும் நேராமல் இருக்க

மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இணைப்பது மின்தடையால் கோப்புகள் சிதைவதைப் பெருமளவு தவிர்க்கும். புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கும்போது மின்விசையை அணைக்கக் கூடாது. இடி மின்னல் வேளையில் கணினியை முறையாக நிறுத்தி, மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுவது நல்லது. மீட்புப் பென் டிரைவ் ஒன்றைக் கணினி நலமாக இருக்கும்போதே உருவாக்கி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது காப்பு நகல். முக்கியத் தரவுக்கு மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. 2017 மே மாதம் வானாகிரை தாக்குதல் நடந்தபோது வயநாடு மாவட்டத்தின் தரியோடு, பத்தனம்திட்டா மாவட்டத்தின் அருவாப்புலம் ஆகிய ஊராட்சி அலுவலகங்களின் கணினிகளும் முடக்கப்பட்டன. அத்தகைய நிலையில் எந்தப் பழுதுநீக்கக் கட்டளையும் உதவாது. வேறிடத்தில் உள்ள நகலே உதவும்.

காணாமல் போன இயங்குதளக் கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். அதன் நகல் கோடிக்கணக்கான கணினிகளில் உள்ளது. ஓர் ஊராட்சியின் பதிவேட்டுக்கோ, ஒரு குடும்பத்தின் புகைப்படத்துக்கோ நாம் எடுத்து வைத்தால் மட்டுமே இரண்டாவது நகல் உண்டு.