ஆறவைத்தலும் சூடாக்கலும்: மிஞ்சிய பாஸ்தா பற்றி

2008 ஒக்டோபர் 1ஆம் திகதி, புறூசெல்ஸில் 20 வயது இளைஞர் ஒருவர் கல்லூரி முடிந்து வீடு திரும்பி, குசினியில் இருந்த ஸ்பகெற்றியையும் தக்காளிச் சோஸையும் மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். அது ஐந்து நாட்களுக்கு முன் சமைத்தது. பிரிட்ஜுக்குள் போகாமல் அறை வெப்பநிலையிலேயே இருந்தது. சாப்பிட்டதும் விளையாடப் போனவர் அரை மணித்தியாலத்தில் தலையிடி, வயிற்றுநோ, குமட்டலுடன் திரும்பி வந்தார். பல மணித்தியாலங்கள் சத்தி எடுத்தார். நள்ளிரவில் இரண்டு தடவை வயிற்றோட்டம். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுத் தூங்கிப் போனார். மறுநாள் காலை 11 மணியாகியும் எழும்பவில்லையே என்று பெற்றோர் அறைக்குள் போனபோது அவர் இறந்திருந்தார். 2011இல் இச்சம்பவம் மருத்துவ நுண்ணுயிரியல் சஞ்சிகையொன்றில் ஆய்வுக்குறிப்பாக வெளிவந்தது.

அந்தக் குறிப்பில் என்னை நிறுத்திவைத்த விடயம் ஒன்றுதான். அவர் சூடாக்கித்தான் சாப்பிட்டார்.

இச்சஞ்சிகையின் பக்கங்களில் இதென்ன சமையற் குறிப்பு என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். புகலிடம் வந்த முதற் பத்தாண்டுகளில் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவாத எழுத்தாளர் எவரையும் எனக்குத் தெரியாது. கவிதையில் குசினி வரலாம், கட்டுரையில் மட்டும் வரக்கூடாது என்பது என்ன நியாயம்? நான் பாரிஸில் ஓர் இத்தாலிய ரெஸ்ரோரண்டின் குசினியில் பல வருடங்கள் வேலை செய்தவன். அங்கே பழகிய ஒழுங்குக்கும் எங்கள் வீடுகளில் நடப்பதற்கும் இடையிலுள்ள தூரந்தான் இதை எழுதவைக்கிறது.

மேற்சொன்ன மரணத்துக்குக் காரணமான பற்றீரியாவின் பெயர் பசிலஸ் சீரியஸ். மண்ணில் வாழ்வது. ஆகவே கோதுமையிலும் அரிசியிலும் மசாலாத் தூளிலும் சிறு அளவில் இருக்கவே செய்யும். அதை முழுமையாக அகற்றிய குசினி உலகில் இல்லை. நெருக்கடி வரும்போது இப்பற்றீரியா தன்னைத் தடித்த ஓட்டுக்குள் அடைத்துக்கொண்டு வித்தியாகிவிடும். பாஸ்தா கொதிக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் உயிர்ப்போடிருக்கும் பற்றீரியாக்கள் மாண்டுபோகும். வித்திகளில் பல தப்பிவிடும். அதுமட்டுமல்ல, சூடு அவற்றைத் துயிலெழுப்பியும் விடுகிறது. போட்டிக்கு வேறு நுண்ணுயிர்கள் இல்லாத, ஈரமான, மாச்சத்து நிறைந்த பாத்திரம் ஒன்று அவற்றுக்குக் கிடைக்கிறது. அது ஏறத்தாழ 50 பாகையிலிருந்து 10 பாகைக்கு இறங்க எடுக்கும் நேரந்தான் அவற்றின் அறுவடைக்காலம். 30 பாகையை அண்டிய இளஞ்சூடு மிகவும் உவப்பானது.

வித்திகள் கொதிப்பைத் தாங்கும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1876இல் பெர்டினான்ட் கோன் இதை விளக்கியிருந்தார். அடுத்த ஆண்டு ஜோன் ரிண்டல் ஒரு வழி சொன்னார்: கொதிக்கவை, ஒருநாள் விடு, வித்திகள் முளைக்கும், மறுபடி கொதிக்கவை, இப்படியே சில தடவை செய். ஊரில் மீன்குழம்பைக் காலையும் மாலையும் சூடுகாட்டி இரண்டு மூன்று நாள் வைத்திருந்த எங்கள் ஆச்சிமார் ரிண்டலைப் படித்ததில்லை. ஆனாலும் செய்தது கிட்டத்தட்ட அதைத்தான். அதற்கு மேல் பழப்புளியின் அமிலமும் அவர்களுக்குத் துணையிருந்தது. 'கொதிச்சால் எல்லாம் செத்துப்போம்' என்ற எமது நம்பிக்கை இந்த அனுபவத்திலிருந்து வந்ததென்றே கருதுகிறேன். அதை மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். தன் சூழலில் அது பெருமளவு வேலைசெய்தது.

பாஸ்தாவில் அது வேலைசெய்யாததற்குக் காரணம், இந்தப் பற்றீரியா பெருகும்போது விட்டுச்செல்லும் நஞ்சு. செரியுலைட் என்று பெயர். அதன் அமைப்பை 1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 121 பாகையில் ஒன்றரை மணித்தியாலம் வைத்தாலும் அது சிதைவதில்லை. எங்கள் அடுப்பும் மைக்ரோவேவும் அந்த வெப்பத்துக்குக் கிட்டவும் போவதில்லை. இரைப்பையின் அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. அதிகமானோருக்குச் சில மணிநேரச் சத்தியோடு விடயம் முடிந்துவிடும். சிலருக்கோ அது கலங்களின் இழைமணிகளைத் தாக்கி ஈரலைச் செயலிழக்கச் செய்கிறது. 1997இல் வெளியான சுவிற்சர்லாந்துச் சம்பவத்தில், நான்கு நாள் பழைய ஸ்பகெற்றியும் பெஸ்ரோவும் சாப்பிட்ட தகப்பன் தப்பினார், 17 வயது மகன் ஈரல் செயலிழந்து இறந்தான். மணமோ ருசியோ இவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை. முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்கும் எமது மூக்குக்கு, இந்த நஞ்சைப் பொறுத்தவரை வேலையில்லை.

'அப்படியென்றால் பழஞ்சோறு?' இதைப் பேசும் இடமெல்லாம் இக்கேள்வி வருகிறது, வரவும் வேண்டும். இரவில் மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். ஊர்ச் சூட்டில் லக்ரிக் அமிலப் பற்றீரியாக்கள் விரைவாகப் பெருகி, காலைக்குள் அதைப் புளிக்கவைத்துவிடுகின்றன. புளிப்பு ஏற ஏறப் பசிலஸ் சீரியஸின் கை தாழ்கிறது. புறூசெல்ஸ் ஸ்பகெற்றியில் இப்பற்றீரியா ஏராளமாக இருந்தது, தக்காளிச் சோஸிலோ அகப்படவில்லை என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கலாம். மூடிவைத்த பாஸ்தாச் சட்டியில் தண்ணீருமில்லை, புளிப்புமில்லை. பழஞ்சோற்றின் பெயரால் அதற்கு நற்சான்று கொடுக்க முடியாது.

ஆகவே ரெஸ்ரோரண்ட் குசினியில் கவனம் முழுவதும் ஆறவைப்பதிலேயே இருக்கும். சமைத்த உணவு 63 பாகையிலிருந்து 10 பாகைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பது பிரெஞ்சு விதி. நாங்கள் செய்தது இதுதான்: பாஸ்தாவை முக்கால் பதத்தில் இறக்கி வடித்து, உடனே ஓடும் குளிர்தண்ணீரில் அலசி, நன்றாக வடியவிட்டு, ஒட்டாமலிருக்க மிகக் கொஞ்ச எண்ணெய் தடவி, அகன்ற தட்டுக்களில் நான்கைந்து விரல் உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி, மூடாமல் குளிரறைக்குள் வைப்போம். குளிர்ந்த பிறகுதான் மூடி, திகதி எழுதி ஒட்டுவது. சோஸுக்கும் இறைச்சிக்கும் 'செல்யூல்' என்று நாங்கள் சொல்லும் விரைவுக் குளிரூட்டி இருந்தது. பாஸ்தாவைக் கழுவுவது பாவம் என்று இத்தாலியர்கள் சொல்வார்கள். உடனே தட்டில் போடும் பாஸ்தாவுக்கு அது சரிதான். கழுவினால் சோஸைப் பிடிக்கும் மாப்பசை போய்விடும். நாளைக்கு வைக்கும் பாஸ்தாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

உயரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கட்டியாக உறைந்த உணவின் ஆழம் இரட்டித்தால் நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஒரு கிலோ உலர்ந்த ஸ்பகெற்றி வெந்ததும் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். அதைச் சமைத்த சட்டியிலேயே மூடி வைத்தால் மேற்பகுதி கைக்குக் குளிர்ந்து தெரியும். நடுப்பகுதி பல மணித்தியாலம் இளஞ்சூட்டில் கிடக்கும். ஓரறையில் ஆறேழு பேராக இருந்த காலத்தில், நள்ளிரவு வேலை முடிந்து வருபவனுக்காக அடுப்பின் மேல் மூடிவைத்த பெரிய சட்டியை யார் மறப்போம்? இன்று அதே சட்டி வேறு உருவில் வருகிறது. பிறந்தநாளுக்கும் சாமத்தியவீட்டுக்கும் மண்டபத்துக்கு வரும் ஆழமான அலுமினியத் தட்டுக்களில் நூடில்ஸும் பாஸ்தாவும் மத்தியானத்திலிருந்து இரவு வரை இருக்கின்றன. கடைசியில் 'கொட்டாதேங்கோ, பிள்ளையளுக்குக் கொண்டு போங்கோ' என்று பைகளில் கட்டிக் கொடுக்கிறோம். அந்த அன்பை நான் குறைசொல்லவில்லை. அதைக் கட்டும் நேரத்தைச் சமைத்து முடிந்தவுடன் என்று மாற்றலாமே, முதலே ஒரு பங்கை எடுத்துக் குளிரவைக்கலாமே என்பதுதான் என் கேள்வி. இரவுவரை மேசையில் இருந்ததைக் கொட்டத்தான் வேண்டும். பசி தெரிந்த எங்கள் தலைமுறைக்கு இது கைநடுங்கும் காரியம்; எனக்கும்தான்.

வீட்டில் இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. குழாய்த் தண்ணீரும் அகன்ற தட்டும் போதும். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். கோடை வெக்கையில் ஒரு மணித்தியாலம். சூடானதை பிரிட்ஜில் வைக்கக்கூடாது என்ற பழைய புத்திமதியில் பாதி உண்மை உண்டு. கொதிக்கும் சட்டியை அப்படியே தூக்கி வைத்தால் அது பக்கத்திலிருக்கும் பாலையும் இறைச்சியையும் சூடாக்கும், தானும் ஆறாது. ஆனால் சிறு பெட்டிகளில் ஆழமில்லாமல் பிரித்த இளஞ்சூட்டு உணவை இன்றைய பிரிட்ஜ் தாங்கும். முற்றாக ஆறட்டும் என்று மேசையில் விட்டுப் படுத்துறங்குவதைவிட அது எவ்வளவோ மேல். சோஸை வேறாக வைப்பது நல்லது. மூன்று நாளைக்குள் சாப்பிடலாம்; அதற்கு மேல் வேண்டுமென்றால் அன்றைக்கே உறையவைக்க வேண்டும். எடுத்தால் வேண்டிய அளவை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கி, மிஞ்சியதைத் திருப்பி வைக்காமல் விடவேண்டும்.

பிரிட்ஜ் என்ற பெயர் மட்டும் எதையும் குளிர்விப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2003 ஓகஸ்டில் பெல்ஜியத்தில், வெள்ளிக்கிழமை செய்து சனிக்கிழமை சுற்றுலாவுக்குக் கொண்டுபோன பாஸ்தாச் சலாட்டின் மிச்சத்தைத் திங்கட்கிழமை ஒரே குடும்பத்தின் ஐந்து பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஐவருக்கும் நோய் கண்டது. 7 வயதுச் சிறுமி இறந்தாள். மிச்சம் பிரிட்ஜில்தான் இருந்தது. அந்தப் பிரிட்ஜின் வெப்பநிலை 14 பாகை.

5 பாகைக்கு மேல் போகக்கூடாது. கதவிலுள்ள 1, 2, 3 என்ற இலக்கங்கள் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. பழைய பிரிட்ஜுகளில் கதவின் இறப்பர் இறுகிப் பிளந்திருக்கும், யாரும் பார்ப்பதில்லை. படிக்கப்போய் வேறு நகரங்களில் மூன்று நான்கு பேராக அறை எடுத்திருக்கும் எங்கள் பிள்ளைகளின் குசினிகளில் இருப்பவை பெரும்பாலும் அப்படியானவைதான். போன மாதம் மகளின் அறைக்குப் போனபோது சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, ஒரு கோப்பைத் தண்ணீரில் இட்டு, அவளுடைய பிரிட்ஜின் நடுத்தட்டில் ஓரிரவு வைத்துப் பார்த்தேன். 9 பாகை காட்டியது. திருகை இரண்டு இலக்கம் கூட்டி, இன்னோர் இரவு வைத்தோம். 4 ஆகியது.