பிக்கப் வண்டிக்கு ஓர் ஏரியல்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பிக்கப் வண்டிகள் சிலவற்றில் நெடிய கம்பியொன்று அசைந்தாடுவதைப் படங்களிற் கண்டிருப்பீர்கள். அது பாட்டுக் கேட்பதற்கான ஏரியல் அன்று. 1958ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பொதுமக்கள் தமக்குள் உரையாடுவதற்கென ஒதுக்கப்பட்ட, 27 மெகாஹேர்ட்ஸ் அளவிலான சீ. பீ. வானொலிக்குரியது. கைத்தொலைபேசி எட்டாத மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால், 9ஆம் அலைவரிசையில் அபயக் குரல் எழுப்பலாம். ஆனால், சாதாரண முறையிற் பேசுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் வலு 4 உவாற்று மாத்திரமே. ஆகவே குரல் எட்டுவதும் எட்டாததும் பெரும்பாலும் ஏரியலின் கையிலேயே உள்ளது.

இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 11 மீற்றர். அதிற் காற்பங்கு நீளமுள்ள கம்பியே சிறந்தது. எட்டரை அடிக் கம்பி அதற்காகவே விற்கப்படுகிறது. அதைக் கூரைமேல் நாட்டினால் மரக்கிளையும் பாலமும் விட்டுவைக்குமா? எனவே பலர் கம்பிச்சுருள் கொண்ட மூன்று, நான்கு அடி ஏரியலை நாடுகின்றனர். அழகுக்காக அதனினும் குட்டையானதை வாங்குவோரும் உளர். தூரத்தை விற்று அழகை வாங்கும் வியாபாரம் அது!

ஏரியலின் மற்றப் பாதி வண்டியின் உலோக உடலே என்பதைப் பலர் அறியார். கூரையின் நடுவில் நாட்டினால் நாற்புறமும் உலோகம் பரந்திருப்பதால், அலையும் நாற்புறமும் செல்லும். பின்பெட்டியின் இடது மூலையில் நாட்டினாலோ, உலோகம் மிகுந்துள்ள வலப்புற முன்திசையிலேயே அது வலுத்துச் செல்லும். அங்கும் கம்பிச்சுருள் கூரைக்கு மேலே நிற்றல் வேண்டும். துளையிட மனமில்லாதார் காந்த அடியை நம்புவர். ஆயின் 2015ஆம் ஆண்டு முதல் ஃபோர்ட் எஃப்-150 வண்டியின் உடல் அலுமினியக் கலவையாலானது. அதிற் காந்தம் ஒட்டாது. மேலும், பிக்கப்பின் பின்பெட்டி சாரதிக் கூட்டினின்றும் வேறானது. ஆதலாற் பொருத்துமிடத்துப் பூச்சைச் சுரண்டி, பெட்டியையும் கூட்டையும் அடிச்சட்டத்தையும் பின்னற் செப்புப் பட்டியால் இணைத்தல் நன்று.

இனி அளவை. ஏரியலுக்கு அனுப்பிய வலுவில் எவ்வளவு திரும்பிவருகிறது என்பதை நிலையலை விகிதமானி காட்டும். வெளியான இடத்தில், கதவுகளை மூடி, 1ஆம், 40ஆம் அலைவரிசைகளில் அளத்தல் வேண்டும். ஒன்றரைக்குட்பட்டால் நன்று, மூன்றைத் தாண்டினாற் பேசவே கூடாது, கருவியின் திரான்சிஸ்டர் கருகிப்போகலாம். 1இல் விகிதம் மிகுந்தால் ஏரியல் குறுகியது. 40இல் மிகுந்தால் நீண்டது. நீண்டதைச் சிறிது சிறிதாகவே நறுக்குக. ஒவ்வொரு முறையும் மீண்டும் அளந்து பார்க்குக.