எர்த் இல்லாத பாக்ஸ் செட்

1000 வாட் ஆம்பிளிஃபயர் ஒன்று 8 ஓம் பாக்ஸை முழுத் திறனில் அடிக்கும்போது, இரண்டுக்கும் நடுவே தரையில் கிடக்கும் ஒயரில் ஏறத்தாழ 89 வோல்ட் இருக்கும். இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து 4000 வாட் எடுத்தால் அது 179 வோல்ட்டைத் தொடும். வீட்டுக்கு வரும் கரண்டில் இது முக்கால் பங்கு. ஆனாலும் கோயில் கொடைகளிலும் ஆடி மாதக் கூழ் வார்ப்பிலும் அந்த ஒயர் பல்லால் உரிக்கப்பட்டு, முறுக்கப்பட்டு, டேப்கூடச் சுற்றாமல் ஈரத்தரையில் கிடக்கிறது. ‘ஸ்பீக்கர் ஒயர்தானே, அதில் என்ன ஷாக் அடிக்கப்போகிறது’ என்ற நம்பிக்கை தொழிலில் ஊறிவிட்டது. முன்பு 30 வாட் செட்டிலிருந்து அதே பாக்ஸுக்குப் போனது சுமார் 15 வோல்ட். இன்று வாட் ஏறிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை.

சவுண்ட் சர்வீஸ் நடத்தும் இளைஞர்கள் பலர் இப்போது பாக்ஸைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். 18 மி.மீ. பிளைவுட்டை அறுத்து ஒட்டி, 18 அங்குல ஸ்பீக்கர் மாட்டி, சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கிய போர்டை வைத்து ஆம்பிளிஃபயரும் கட்டிவிடுகிறார்கள். கம்பெனி செட் வாங்க வசதியில்லாத ஒருவர் தன் கையை நம்பித் தொழிலுக்குள் வர இது நல்ல வழி. அந்தக் கைத்திறன் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என் கவலை பணம் போகும் திசையைப் பற்றியது. ஸ்பீக்கருக்குக் கடன் வாங்கிக்கூடச் செலவழிக்கிறார்கள். எர்த்துக்கும் பிளக்குக்கும் ஒயருக்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. உயிர் போவது அந்த இடத்தில்தான்.

செட்டில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் உடனே எர்த் பின்னை வெட்டிவிடுவது பலரின் வைத்தியம். இரைச்சல் நிற்கும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். மைக்கின் உலோக உடல், ஒயரின் மேல் வலை வழியாக மிக்சரின் உடலோடும் அதன் வழியாக ஆம்பிளிஃபயரின் உடலோடும் சேர்ந்தே இருக்கிறது. உள்ளே எங்காவது ஃபேஸ் கசிந்தால், எர்த் இருக்கும் செட்டில் அது மண்ணுக்குப் போய் ஃபியூஸை எரிக்கும். எர்த் வெட்டிய செட்டில் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உடல் வழியாக இறங்கும். மிக்சரும் ஆம்பிளிஃபயரும் வேறு வேறு இடத்திலிருந்து எர்த் எடுப்பதுதான் அந்த இரைச்சலுக்கு வழக்கமான காரணம். இரண்டுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சிக்னல் லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். எர்த் பின்னில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எம்.சி.பி. போட்டிருக்கிறோமே என்பார்கள். எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஒருவர் உடலில் பாயும் சில நூறு மில்லி ஆம்பியர் உயிரை எடுக்கப் போதும்; 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லையென்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும். எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருக்கும் போர்டை நம்பாமல், ஆர்.சி.சி.பி. பொருத்திய சொந்த போர்டு ஒன்றை வண்டியில் எடுத்துச் செல்லுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டுவதானால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் சேராமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் ஆர்.சி.சி.பி. உங்களைக் காக்காது. நியூட்ரலையும் எர்த்தையும் ஜெனரேட்டரிலேயே இணைத்து, மண்ணில் எர்த் ராடு அடித்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஆம்பிளிஃபயரைத் தானே கட்டுகிறவர்களுக்கு: எஸ்.எம்.பி.எஸ். போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அப்படியே நிற்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் விரலை உள்ளே விடாதீர்கள். கேபினெட்டின் உலோகத்தில் எர்த் போல்ட்டும், ஃபேஸில் ஃபியூஸும் கட்டாயம். ஸ்பீக்கர் ஒயருக்கு ஸ்பீக்கான் கனெக்டர் போடுங்கள். வெற்று நுனி எதுவும் விரலுக்கு எட்டாது. ஸ்பீக்கர் ஒயரில் 230 வோல்ட்டுக்கான பிளக்கை மாட்டுவது கொலைக்குச் சமம், இருட்டில் யாராவது அதைச் சுவரில் செருகிவிடுவார்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளோடு வைத்து ஓட்டினால் உள்ளே சூடேறி உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள். வீட்டில் செய்த பெட்டியைத் தலைக்கு மேல் தொங்கவிடவே கூடாது.

கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அதைவிடப் பெரிய கேடு, அந்தக் கம்பி யார் மேல் விழும் என்று தெரியாதது. மத்தியப் பிரதேசத்தில் மழைத் தண்ணீர் நின்ற சாலையில் சைக்கிளில் வந்த ஒருவர், தண்ணீருக்குள் கிடந்த கம்பியில் மின்சாரம் பாய்ந்து இறந்தார். யாரோ திருட்டுத்தனமாக இழுத்த கம்பி அது என்று மின்வாரியம் வாதாடியது. அப்படியே இருந்தாலும் வாரியம்தான் பொறுப்பு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்கம்பியால் உறவை இழந்த எந்தக் குடும்பமும் நினைவில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது. விழாவுக்குத் தற்காலிக இணைப்பு வாங்க முறையான வழி இருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் நியூட்ரல் முனையை இரண்டு முறை இறுக்கிப் பாருங்கள். அது கழன்றால் 230 வோல்ட் கருவிகளுக்கு 400 வோல்ட் வரை ஏறிவிடும். பாக்ஸை வண்டியில் அடுக்கி ஊர்வலம் விடுகிறவர்கள், போகும் பாதையில் குறுக்கே ஓடும் கம்பிகளின் உயரத்தைப் பகலிலேயே பார்த்துவிட வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது.

இனி சத்தம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே ஒரே இடத்தில் சுவர் போல அடுக்குவது பணத்துக்கும் நஷ்டம், முன்வரிசைக் குழந்தைகளின் காதுக்கும் நஷ்டம். சிறிய பாக்ஸ்களைக் கூட்டத்துக்குள் பரவலாக வைத்தால் குறைந்த சத்தத்திலேயே எல்லோருக்கும் கேட்கும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் காதுக்குப் பாதுகாப்பு. பாக்ஸ் பக்கத்திலேயே இரவெல்லாம் நிற்கும் ஆப்பரேட்டருக்கு இந்தக் கணக்கு எப்போதோ தாண்டிவிடுகிறது. உள்காது நரம்பு செத்தால் திரும்ப முளைக்காது. காது அடைப்பான் விலை ஒரு டீ, வடைக்கு ஆகும் செலவுதான்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்க முடியாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் தடை. மாநில அரசு விரும்பினால் விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை மட்டும் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 10 வரை போகலாம். எந்தப் பகுதியானாலும் 75-ஐத் தாண்டக் கூடாது. மீறினால் செட்டைப் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வழிவகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. அனுமதி வாங்குவது விழாக் கமிட்டி, பறிபோவது உங்கள் பாக்ஸ். அனுமதிக் கடிதத்தின் நகல் கைக்கு வராமல் சுவிட்சைப் போடாதீர்கள். பக்கத்து வீட்டில் நோயாளியோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருந்தால், புகார் செய்வது அவர்கள் உரிமை; காவல் நிலையம் அதை ஏற்க வேண்டும். சாமி காரியம் என்பது இதற்கு விலக்கு ஆகாது. சென்னைத் தேவாலயம் ஒன்றின் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை.

வாங்கும் இடத்தில் ஏமாறுவது தனிக் கதை. ‘பி.எம்.பி.ஓ. 5000 வாட்’ என்ற எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. எத்தனை ஓமில் எத்தனை வாட் ஆர்.எம்.எஸ். என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் வழக்கில் வராது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரும் நுகர்வோரே என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

பாக்ஸ் தூக்க வரும் பையன்களுக்கு ஷாக் அடித்தால் உடனே நிறுத்த, மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்த ஒருவர் எப்போதும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆளைத் தொடாமல் முதலில் கரண்டை நிறுத்துங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள். வேலை செய்யும்போது அடிபட்டால் நாள் கூலி ஆளுக்கும் இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு, தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்.

விழாக் கமிட்டியில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது எத்தனை பாக்ஸ் வரும் என்று கேட்பதற்கு முன், ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் எங்கே அடிப்பீர்கள் என்று கேளுங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயை வாடகையோடு சேர்த்துக் கொடுங்கள்.