ஏசி வாங்குறதுக்கு முன்னாடி மொட்டை மாடிக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் டாப் ஃப்ளோர்லயோ ஷீட் போட்ட வீட்லயோ இருக்கீங்களா? அப்போ இந்த எபிசோட் உங்களுக்குத்தான். கேள்வி ஒண்ணே ஒண்ணு: வீடும் குளிரணும், கரன்ட் பில்லும் குறையணும், கையில காசு கம்மி. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

தலைக்கு மேல இருந்து.

ராத்திரி 11 மணிக்கும் ஏன் அனல்?

கான்கிரீட் தளம் ஒரு தோசைக்கல் மாதிரி. பகல் முழுக்க வெயிலை வாங்கி வெச்சுக்கும். மே மாச மதியத்துல வெறும் தளத்தோட மேற்பரப்பு 60 டிகிரியைக்கூடத் தாண்டும். அந்தச் சூடு மெதுவா கீழே இறங்கி, நாம படுக்கப் போற நேரத்துல வீட்டுக்குள்ள வரும். ஃபேன் அந்தக் காத்தைத்தான் சுத்தி விடுது. ஷீட் கூரை வேற கதை: ரொம்ப மெல்லிசு, அதனால மதியமே அடுப்பு.

ராயபுரத்துப் பழைய கட்டடங்கள்ல இதுக்கு ஒரு பதில் இருந்துச்சு. 'மெட்ராஸ் டெரஸ்'னு சொல்லுவாங்க. தேக்கு உத்தரம், அதுமேல நிறுத்தி அடுக்கிய செங்கல், அதுக்கு மேல சுண்ணாம்புக் கலவை, கடைசியா தட்டோடு. அத்தனை அடுக்கையும் தாண்டிச் சூடு உள்ளே வர்றது கஷ்டம். இன்னைக்குப் பல வீடுகள்ல மேலே இருக்கிறது வெறும் கான்கிரீட் மட்டும்தான்.

வெள்ளை அடிச்சா போதுமா?

பாதி வேலை முடிஞ்சிடும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள்ள 2 முதல் 5 டிகிரி வரை குறைய வாய்ப்பு உண்டு. கூரையைப் பொறுத்து இது மாறும். தெலங்கானா அரசு 2023-ல 'கூல் ரூஃப்'க்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு.

சுண்ணாம்பு மலிவு, ஆனா ஒரு மழைக்காலத்துல கரைஞ்சு போகும். கூல் ரூஃப் பெயின்ட் விலை அதிகம், சில வருஷம் தாங்கும். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு, பிப்ரவரி, மார்ச்ல அடிங்க. முதல்ல பாசியைச் சுரண்டி, விரிசலை அடைச்சு, தளம் நல்லா காய்ஞ்ச பிறகு ரெண்டு கோட். நம்ம ஏரியாவுல தூசி படியும். கறுத்துப் போன வெள்ளையால பிரயோஜனம் இல்ல. அப்பப்போ கழுவி விடுங்க. ஒரு எச்சரிக்கை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுரண்டவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்து.

அடுத்தது ஃபேன்

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினமும் 20 மணி நேரம் ஓடினா, ரெண்டு மாசத்துல பழையது 90 யூனிட், புதுசு 36 யூனிட். ஒரு ஃபேனுக்கு 54 யூனிட் மிச்சம்.

இது பெரிய விஷயமான்னு கேட்டா, 500 யூனிட் எல்லையைப் பாருங்க. 2022 செப்டம்பர்ல வந்த கட்டணத்துல, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்னா 1,725 ரூபாய். 501 யூனிட்னா 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! ஏன்னா 500 தாண்டினா, கீழ் ஸ்லாப்ல கிடைச்ச குறைஞ்ச ரேட்டும் போயிடும். அதுக்கப்புறம் ரேட் மாறியிருக்கு. உங்க பில்லை எடுத்து எந்த ஸ்லாப்ல நிக்கிறீங்கன்னு பாருங்க.

இதெல்லாம் செஞ்ச பிறகும் ஏசி தேவைன்னா வாங்குங்க. கூரைச் சூடு குறைஞ்சா ஏசிக்கு வேலை குறையும், சின்ன ஏசியே போதலாம். கடல் பக்கம் இருக்கிறவங்க வெளி யூனிட்டை அடிக்கடி கழுவணும். உப்பும் தூசியும் அடைச்சா கம்ப்ரஸர் கூடுதலா கரன்ட் இழுக்கும்.

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிக்கும் இதே விதிதான். கூரைக்கு வெள்ளை, குளிர் அறைக் கதவுல பிளாஸ்டிக் திரை, பைப்புக்கு இன்சுலேஷன். கடைகளுக்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது. முதல் யூனிட்ல இருந்தே மிச்சம்தான்.

வாடகை வீடுன்னா?

சிக்கல் இங்கதான். மாடி ஹவுஸ் ஓனருடையது, பில் நம்மளுடையது. அவருக்கு பெயின்ட் அடிக்கிற அவசியமே இல்ல. அதனால 'வீடு சூடா இருக்கு'ன்னு மட்டும் சொல்லாதீங்க. தளத்துக்கும் அது நல்லது, விரிசலும் அடைபடும்னு சொல்லுங்க. மேல் மாடிக்காரங்க சேர்ந்து செலவைப் பகிர்ந்துக்கலாம். ஃபேன் வாங்கினா, வீடு மாறும்போது கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம்.

யூனிட்டுக்குப் பின்னாடி இருக்கிற சாம்பல்

1970-ல தொடங்கின எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல மூடப்பட்டது. ஆனா அத்திப்பட்டு, வல்லூர் நிலையங்கள் ஓடுது. 2024 மார்ச்ல 800 மெகாவாட் யூனிட் ஒண்ணும் திறந்தாங்க. நிலக்கரியில ஒரு யூனிட் கரன்ட் தயாரிக்க சுமார் 700 கிராம் நிலக்கரி எரியணும். நம்ம நாட்டு நிலக்கரியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பல் எங்கே போச்சுன்னு கொசஸ்தலை ஆத்துல மீன் பிடிக்கிறவங்களைக் கேளுங்க.

நம்ம வீட்டு ஃபேனை மாத்துறதால ஒரு புகைபோக்கி நின்னுடாது. அதுக்கு அரசாங்கம் முடிவெடுக்கணும், நாம கேட்கணும். ஆனா ஊருக்கெல்லாம் கரன்ட் அனுப்புற ஏரியாவுல இருந்துக்கிட்டு, ராத்திரி வேர்வையில தூக்கம் இல்லாம கிடக்கணும்னு ஒண்ணும் இல்ல. இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடிக்குப் போய்த் தரையைத் தொட்டுப் பாருங்க. செருப்பு போட்டுட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.