தினமும் எண்பது கிலோமீட்டர்: வேலைக்குப் போக எந்த மோட்டார் சைக்கிள்?



நம் டிரஸ்டுக்குக் கைமாற்றுக் கடன் கேட்டு வரும் மனுக்களில், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கல்யாணச் செலவுக்கும் அடுத்தபடியாக இப்போது மோட்டார் சைக்கிள்தான் வருகிறது. கேட்பவர்களில் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள். மனுவில் வண்டியின் பெயரும் நிறமும் தெளிவாக எழுதியிருக்கும். ஏன் அந்த வண்டி என்று கேட்டால் மட்டும் பதில் வராது. சகோதரர்கள் பலரும் இதைப் பற்றிக் கேட்டதால் இந்த இதழில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. முசரவாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய்வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஆகும். மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு 33 லிட்டர் போதும். 35 கொடுக்கும் வண்டிக்கு 57 லிட்டர் வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,400 ரூபாய் வித்தியாசம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு அது வீட்டுக்கு அரிசி வாங்கும் காசு. ஷோரூமில் விலைப்பட்டியலைக் காட்டுவார்களே தவிர, இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டமாட்டார்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று கேட்டுவிடுகிறேன். கம்பெனி பஸ் ஹைவேயில் வந்து நிற்கிறதா? நின்றால், பஸ் நிற்கும் இடம் வரை போக வீட்டில் இருக்கும் பழைய வண்டியே போதும். நைட் ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டி வருவதைவிட, பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருவது எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

பஸ் இல்லை, வண்டி வேண்டும் என்பவர்களுக்கு இனி விஷயம்.

காஞ்சிபுரத்துக்குள் ஓட்டுவதும் பெங்களூர் ஹைவேயில் ஓட்டுவதும் வேறு வேறு வேலை. காந்தி ரோட்டில் பட்டுக்கடைக் கூட்டத்தில் நூல் மூட்டையோடு நுழைந்து வர டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மாதிரி ஒரு வண்டி இல்லை. 1980-ல் டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து நெசவாளிகளும் கறிக்கடைக்காரரும் அந்த வம்சத்தை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் அதே வண்டியில் ஹைவேயில் தினமும் 80 கிலோமீட்டர் போவது உடம்புக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து.

100 சிசி வண்டிகளில் 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் இன்னும் ஓடுகிறது. எடை 112 கிலோதான், உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். ஹோண்டா ஷைன் 100, பஜாஜ் பிளாட்டினா, டிவிஎஸ் ஸ்போர்ட் எல்லாம் இந்த ரகம்தான். பிளாட்டினாவில் மெத்தையும் ஸ்பிரிங்கும் மிருதுவாக இருக்கும், இடுப்பு வலி உள்ளவர்கள் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். ஊருக்குள்ளும் வாலாஜாபாத் வரைக்கும் போய்வர இவை போதும். ஹைவேயில் எதிர்க்காற்றில் 70-ல் போகும்போதுதான் குறை தெரியும். என்ஜின் தன் சக்தியின் விளிம்பில் இரைந்துகொண்டு ஓடும், அந்த அதிர்வு கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வரும். லாரியை முந்த ஆக்சிலேட்டரை முறுக்கினால் மிச்சம் எதுவும் இருக்காது.

ஆகவே தினமும் 80 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 125 சிசியே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஷைன் 125, சூப்பர் ஸ்ப்ளெண்டர், டிவிஎஸ் ரைடர் போன்றவை. ஐந்தாவது கியர் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசி கியரில் என்ஜின் அதே வேகத்தைக் குறைந்த சுற்றில் கொடுத்தால் அதிர்வும் இரைச்சலும் குறையும். மைலேஜில் 100 சிசியைவிடச் சிறிதுதான் குறையும். இரண்டு பேர் தினமும் சேர்ந்து போவதாக இருந்தால் மட்டும் 150, 160 சிசியை யோசிக்கலாம். 2004-லிருந்து வரும் ஹோண்டா யூனிகார்ன் அப்படிப்பட்ட நிதானமான வண்டி.

ராயல் என்ஃபீல்டு பற்றிச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். 2013 முதல் நம் ஒரகடத்திலேயே தயாராகிறது, பார்த்துப் பார்த்து ஆசை வருவது இயல்பு. நீண்ட தூரத்துக்குச் சுகமான வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹன்டர் 350 எடை 181 கிலோ, கிளாசிக் அதற்கும் மேல். ஷிப்டு நேரத்தில் கம்பெனி ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்திய ஐம்பது வண்டிகளுக்கு நடுவிலிருந்து அதைப் பின்னால் தள்ளி எடுத்துப் பாருங்கள். மேலே போட்ட 2,400 ரூபாய்க் கணக்கையும் மறந்துவிட வேண்டாம்.

சுகம் என்பது சிசியில் மட்டும் இல்லை. வண்டியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும். முதுகு நிமிர்ந்து, முழங்கை சற்று மடங்கி, மணிக்கட்டில் பாரம் விழாமல் இருக்க வேண்டும். பந்தய வண்டி மாதிரி முன்னால் குனிந்து உட்காரும் வண்டிகள் இருபது வயதில் அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் கழுத்தும் மணிக்கட்டும் பதில் சொல்லும். ஹைவே அகலப்படுத்தும் வேலையால் மாற்றுப்பாதைகளும் குழிகளும் உள்ள சாலையில், 18 அங்குலச் சக்கரம் 17 அங்குலத்தைவிடப் பள்ளத்தைச் சற்று எளிதாகக் கடக்கும். ட்யூப்லெஸ் டயர் கட்டாயம் வேண்டும். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், இரவு இரண்டு மணிக்கு நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்காது.

ஷோரூம் வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டினால் எல்லா வண்டியும் சுகமாகத்தான் இருக்கும். நீங்கள் நினைத்திருக்கும் வண்டி யாராவது சொந்தக்காரரிடம் இருந்தால் ஒரு நாள் கேட்டு வாங்கி, வேலைக்கே ஓட்டிப் போய் வாருங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை சிபிஎஸ் இருந்தால் போதும் என்பது அந்த 2019 விதி. சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிப்பது. ஏபிஎஸ் என்பது அவசரத்தில் அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் விட்டுவிட்டுப் பிடிப்பது. மழை ரோட்டிலும் மணல் லாரி சிந்திய மணலிலும் இந்த வித்தியாசம் உயிர் காக்கும். 125 சிசி வாங்கினாலும் முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள மாடலையே எடுங்கள். அந்தச் சில ஆயிரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பெண்கள் பின்னால் உட்காரும் வண்டி என்றால் பின் சக்கரத்தின் பக்கம் உள்ள சேலை கார்டைக் கழற்றவே கூடாது. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி 123. பிள்ளைகள் ஸ்டைலுக்காக முதல் வாரமே அதைக் கழற்றிவிடுகிறார்கள். புர்காவின் ஓரமோ துப்பட்டாவோ சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் ஒரு நொடியில் ஆளையே கீழே இழுத்துவிடும். ஏறியவுடன் துணியை மடியில் சுருட்டிக்கொள்ளும்படி வீட்டில் சொல்லுங்கள்.

ஹெல்மெட் இருவருக்கும் வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய். தொப்பி ஹெல்மெட் ஆகாது என்பதையும் சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்கள் ஹிஜாபோடு போட்டுப் பார்த்து அளவு வாங்க வேண்டும், தாடைக்குக் கீழே குத்தும் பின்னைப் பக்கவாட்டில் மாற்றிக்கொள்ள வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றினால் அதற்கும் ஹெல்மெட், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், வேகம் 40-க்குள் என்று விதி இருக்கிறது. 18 வயது நிரம்பாத பையனிடம் கியர் வண்டியைக் கொடுத்தால் அத்தாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

இனி பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. எக்ஸ் ஷோரூம் விலையைக் கேட்காமல் ஆன் ரோடு விலையைக் கேளுங்கள். அதில் சாலை வரி, பதிவு, ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எல்லாம் அடங்கும். வேறு உதிரிகள் பெயரில் சேர்த்திருந்தால் ஒவ்வொன்றாகக் கேட்டு நீக்கச் சொல்லலாம்.

வட்டி ஹராம் என்பதை நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணக்கிலும் அது எப்படி இருக்கிறதென்று பாருங்கள். 80,000 ரூபாய்க்கு '10 சதவீதம் பிளாட்' என்றால் மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 24,000. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் வட்டி போடுவதால், உண்மையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம். அதைவிட மூன்று வருடம் ஓடிய நல்ல பழைய வண்டியைக் கையில் உள்ள காசுக்கு வாங்கி, ஒரு வருடம் சேர்த்துவைத்துப் பிறகு மாற்றுவது எத்தனையோ லேசு.

பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பைனான்ஸ் பாக்கி இருந்தால் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் பணம் தர வேண்டாம். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றுங்கள். செலுத்தாத அபராதம் இருக்கிறதா என்பதைப் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடலாம். இதில் சந்தேகம் உள்ளவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன், இஷாவுக்குப் பிறகு காகிதங்களோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தால் உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.